முள்ளங்கி விதையின் பூஞ்சைக்கொல்லி மருந்தாக என்னென்ன மாற வேண்டும்?

ஈர மண்ணில் கிடக்கும் முள்ளங்கி விதை ஊறி, மேல்தோல் வெடித்து, வேர்முனை வெளியே எட்டிப் பார்க்கிற நேரம்தான் அதற்கு ரொம்ப ஆபத்தான நேரம். உள்ளே எண்ணெயும் புரதமுமாகச் சேர்த்து வைத்த தீனி, வெளியே மண் முழுக்கப் பூஞ்சை. அப்படியும் பெரும்பாலான விதைகள் முளைத்துவிடுகின்றன. 1990-களில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் விதைத் தோலைக் கீறி, பூஞ்சை வளரும் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். தட்டு முழுக்கப் பூஞ்சை படர்ந்தது, விதையைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒரு இடம் வெறுமையாக நின்றது. விதையிலிருந்து கசிந்த சின்னப் புரதம்தான் காரணம். விதையின் மொத்தப் புரதத்தில் அது அரை சதவீதம்தான் இருக்கும், ஆனால் தோல் கிழிந்ததும் வெளியே வருகிற புரதத்தில் சுமார் 30 சதவீதம் அதுதான்.

இந்த வகைப் பெப்டைடுகளுக்கு, அதாவது குட்டிப் புரதங்களுக்கு, தாவர டிஃபென்சின்கள் என்று பெயர். ஏறக்குறைய எல்லாச் செடிகளிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கின்றன. பழ ஈயின் உடம்பில் பூஞ்சையை எதிர்க்கிற டிரோசோமைசின் கூட இதே அமைப்புடையதுதான்.

சரி, மருந்துக் கடையில் பூஞ்சைக்கு மருந்தே இல்லையா, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும் என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கைவிரலில் எண்ணிவிடலாம். பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர், அதில் மட்டும் இருக்கும் உறுப்பைத் தேடிப்பிடித்து அடிப்பது ஓரளவு சுலபம். பூஞ்சை அப்படியில்லை, செடிகளைவிட நமக்குத்தான் அது நெருங்கிய உறவு, அதன் செல்லுக்குள் நடக்கிற வேலைகளில் பாதிக்கு மேல் நம் செல்லிலும் அப்படியே நடக்கின்றன. அதனால் உள்ளுறுப்புத் தொற்றுக்குப் பெரும்பாலும் மூன்று மருந்துக் குடும்பங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பூஞ்சைச் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் அசோல்கள், அந்த எர்கோஸ்டெராலையே பிடித்துக்கொள்ளும் ஆம்ஃபோடெரிசின் பி, செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் எக்கினோகேண்டின்கள். ஆம்ஃபோடெரிசின் நன்றாகவே கொல்லும், கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அசோல்களை வயலிலும் தெளிக்கிறோம், அதனால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மனிதரைத் தொடும் முன்பே எதிர்ப்புச் சக்தியோடு வருவதும் உண்டு. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையில், மூன்று குடும்பத்துக்கும் அடங்காத வகைகள் கூட வந்துவிட்டன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் 19 பெயர்கள், மிக ஆபத்தான நாலில் இதுவும் ஒன்று.

இப்போது டிஃபென்சினைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 45 முதல் 54 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி, அதில் எட்டு சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்), அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நாலு கந்தகப் பிணைப்புகளைப் போட்டு மொத்தத்தையும் நாலு இடத்தில் தையல் போட்ட மாதிரி இறுக்கி வைத்திருக்கின்றன. இந்தத் தையலால்தான் சூட்டுக்கும் புரதத்தைச் செரிக்கும் நொதிகளுக்கும் அவ்வளவு லேசில் மசிவதில்லை. மேற்பரப்பில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய, அதாவது நேர்மின்னூட்டம். பூஞ்சையின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, எனவே அங்கே போய் ஒட்டும். ஒட்டுவதோடு கதை முடிவதில்லை, ஒட்டிய பிறகு எதைப் பிடிக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு டிஃபென்சினும் ஒவ்வொரு ரகம்.

முள்ளங்கி விதையின் டிஃபென்சினான ஆர்எஸ்ஏஎஃப்பி2 பிடிப்பது குளுக்கோசில்செரமைடு என்ற கொழுப்பை. நம் செல்லிலும் அந்தக் கொழுப்பு உண்டு, செடியிலும் உண்டு, ஆனால் பூஞ்சையினுடையதில் ஒரு மெத்தில் கிளை கூடுதல். பூஞ்சையின் கொழுப்போடு இணையும் இந்தப் பெப்டைடு சோயாவின் கொழுப்பையும் மனிதக் கொழுப்பையும் சீண்டுவதில்லை என்று 2004-இல் காட்டினார்கள். செல்லுக்குள் நுழையவும் இதற்கு அவசியமில்லை, வெளியே நின்றபடியே பூஞ்சையின் உள்சமிக்ஞைகளைக் குழப்பி, அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறது.

அலங்காரப் புகையிலைச் செடியின் பூவில் கிடைக்கும் என்ஏடி1 வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் இதைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். செல்சுவரைத் தாண்டி, சவ்வைக் கடந்து உள்ளேயே போகும். பிஐபி2 என்ற சவ்வுக் கொழுப்போடு சேரும்போது 14 பெப்டைடும் 14 கொழுப்பு மூலக்கூறும் வளைவாக அணிவகுத்து நிற்பதை 2014-இல் படிக வடிவத்திலேயே பார்த்துவிட்டார்கள். இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பிஐபி2 நம் செல்களிலும் உண்டு, அளவு கூடினால் என்ஏடி1 மனிதச் செல்லையும் உடைக்கும்.

கொல்லத் தெரிந்த மூலக்கூறு தயாராக இருக்கிறது, அப்புறம் என்ன, அப்படியே ஊசியில் ஏற்றிவிடலாமே என்றால், முதல் முட்டுக்கட்டை உப்பு. விதை தன் பெப்டைடைக் கசியவிடுவது மண்ணின் ஈரத்தில், அங்கே உப்பு குறைவு. நம் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம், அதோடு கால்சியமும் மக்னீசியமும். இந்த அயனிகள் பூஞ்சையின் மேல் இருக்கும் எதிர்மின்னூட்டத்தை மறைத்துவிட, பெப்டைடு ஒட்ட இடமில்லாமல் தடுமாறும். தட்டில் அசத்திய பல டிஃபென்சின்கள் படுத்துவிடுவது இங்கேதான். என்னைக் கேட்டால், உப்பில்லாத கரைசலில் கொன்றது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் எந்தச் செய்தியையும் பார்த்துப் பெரிதாக உற்சாகப்பட வேண்டியதில்லை.

இதற்கு வழியே இல்லை என்றில்லை. ஆர்எஸ்ஏஎஃப்பி2-இன் 9-ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு ஆர்ஜினினை வைத்துப் பார்த்தார்கள், தனியாக இன்னொரு பிரதியில் 39-ஆவது இடத்து வேலினை எடுத்துவிட்டு அங்கேயும் ஆர்ஜினின். இரண்டுமே உப்பு மிகுந்த கரைசலில் மூலப் பெப்டைடைவிட நன்றாக வேலை செய்தன. ஐம்பத்துச் சொச்சம் அமினோ அமில எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து! அதற்காக ஆர்ஜினினாகக் கொட்டிக்கொண்டே போகவும் முடியாது. மின்னூட்டமும் எண்ணெய்த்தன்மையும் எல்லை மீறினால் பெப்டைடுக்கு ஆள் அடையாளம் மறந்துபோகும். அதைச் சோதிப்பது எளிது, சிவப்பணுக்களோடு கலந்து வைத்து, சுழற்றிப் படியவிட்டு, மேலே நிற்கும் நீரைப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் சரி, சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன, அந்தப் பிரதி குப்பைக்கு.

எந்த எழுத்தை மாற்றலாம் என்று தேடுவதிலும் இப்போது கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. டிஃபென்சினின் ஒரு முனையில் காமா மையம் என்கிற வளைவு இருக்கிறது, பெரும்பாலும் வீரியம் அங்கேதான். மெடிகாகோ என்ற பயறுவகைச் செடி இனத்தில் எம்எஸ்டெஃப்1, எம்டிடெஃப்4 என்று இரண்டு டிஃபென்சின்கள், முன்னது சாது, பின்னது வீரியமானது. பின்னதன் காமா மையத்தை வெட்டி முன்னதில் பொருத்தியதும், சாதுவானதும் கிட்டத்தட்ட அதே வீரியத்துக்கு வந்துவிட்டது. அந்த வளைவை மட்டும் தனியே 16 அமினோ அமிலத் துண்டாகச் செய்தாலும் பூஞ்சையை அடக்குகிறது.

துண்டாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு, முழுப் பெப்டைடை மடிக்கிற சிரமம் குறையும். எட்டு சிஸ்டீன்களை ஜோடி சேர்க்க மொத்தம் 105 வழிகள், அதில் இயற்கையின் வடிவம் ஒன்றே ஒன்று. வேதியியல் முறையில் சங்கிலியைக் கோத்துவிடலாம், சரியாக மடிய வைப்பதுதான் பாடு, செலவும் எகிறும். அதனால் முழு டிஃபென்சினைப் பெரும்பாலும் உயிருள்ள செல்லில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். அதற்குப் பிடித்தமான செல் எது தெரியுமா? பிக்கியா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு பூஞ்சை! பூஞ்சைக்கொல்லியைப் பூஞ்சையை வைத்தே செய்கிற இந்தக் கூத்தில், தயாரிக்கிற ஈஸ்ட் தானே சுரந்ததில் செத்துவிடக் கூடாதே. குளுக்கோசில்செரமைடு செய்யும் மரபணுவை நீக்கிவிட்டால் அந்த ஈஸ்டை ஆர்எஸ்ஏஎஃப்பி2 ஒன்றும் செய்வதில்லை.

இரத்தத்தில் ஏற்றினால் இன்னொரு தொல்லை, இவ்வளவு சின்ன மூலக்கூறைச் சிறுநீரகம் சீக்கிரம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் முதலில் தோல், நகம் என்று மேலே பூசக்கூடிய இடங்களைக் குறிவைத்தார்கள். நகப் பூஞ்சைக்கு இன்று கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரையைக் கால் நகத்துக்குச் சுமார் 12 வாரம் விழுங்க வேண்டும், கல்லீரல் மேலும் ஒரு கண் இருக்க வேண்டும். நகத்தை ஊடுருவிப் போகும் பெசாடெஃப்டைடு என்ற தாவர டிஃபென்சினை மெல்பர்னின் ஹெக்ஸிமா நிறுவனம் மனிதர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. 2022-இல் வந்த முடிவு எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததால் திட்டத்தைக் கைவிட்டார்கள். கால் நகம் முழுதாக வளர்ந்து மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பூஞ்சை செத்தாலும் நகம் சுத்தமாகிவிட்டது என்று காட்டுவது வேறு வேலை. எனவே டிஃபென்சின்களே உதவாது என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், நகம் சுலபமான பரீட்சை என்று நினைத்தது மட்டும் தப்புக்கணக்கு.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது கூட்டு மருந்து வழி. ஹியூகெரா என்ற பூச்செடியின் எச்எஸ்ஏஎஃப்பி1 டிஃபென்சினைக் காஸ்போஃபங்கின் என்ற எக்கினோகேண்டின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், கேண்டிடா படலமாகப் படர்வதை இரண்டும் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக அடக்குகின்றன. என்ஏடி1 தாக்கும்போது கேண்டிடா பூஞ்சை, ஹாக் என்ற தற்காப்புச் சமிக்ஞைப் பாதையை முடுக்கிவிடும், அந்தப் பாதையை முடக்கினால் பெப்டைடின் அடி இன்னும் பலமாக விழுகிறது. ஒரு எச்சரிக்கை: எந்தப் பெப்டைடும் எல்லாப் பூஞ்சைக்கும் ஆகாது. கேண்டிடா கிளாப்ராட்டாவில் குளுக்கோசில்செரமைடே கிடையாது, முள்ளங்கியின் பெப்டைடை எவ்வளவு மெருகேற்றினாலும் அங்கே அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எனவே இந்த மருந்துகள் வந்தாலும், நோயாளியின் உடம்பில் இருப்பது எந்தப் பூஞ்சை என்று சோதனைக்கூடம் முதலில் சொல்லியாக வேண்டும், இதைக் கொடுப்பதா வேறொன்றைக் கொடுப்பதா என்பது அதற்குப் பிறகுதான்.