விழித்திரைக்கு அடியில் உள்ள மெல்லிய சவ்வு

விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கென்று தனி ரத்தக் குழாய்கள் கிடையாது. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் அடியிலுள்ள கோராய்டு என்னும் ரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து, இடையிலுள்ள புரூக் சவ்வு என்னும் மெல்லிய தடுப்பைக் கடந்தே மேலே வர வேண்டும்; கழிவும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் இறங்க வேண்டும். 2 முதல் 4 மைக்ரான் தடிமனே உள்ள இந்தச் சவ்வின் நடுவில் எலாஸ்டின் இழைகளும், அதன் இருபுறமும் கொலாஜன் இழைகளும், இரு ஓரங்களிலும் நான்காம் வகைக் கொலாஜனும் லாமினின் என்ற புரதமும் கொண்ட அடித்தளப் படலங்களும் உள்ளன. கொலாஜன் உறுதியைத் தருகிறது, எலாஸ்டின் மீள்தன்மையைத் தருகிறது. நுண்ணிய பார்வைக்குரிய, விழித்திரையின் மையப் பகுதியான மேக்குலாவின் அடியில்தான் இந்த எலாஸ்டின் அடுக்கு மிக மெலிந்தும் இடைவெளிகளோடும் இருக்கிறது.

வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன, சவ்வில் கொழுப்பு படிகிறது, கழிவு வெளியேற வழியின்றி டுரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகளாகத் தங்குகிறது. பலவீனப்பட்ட இடத்தைத் துளைத்துக்கொண்டு கோராய்டிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் மேலே வளர்ந்து கசியத் தொடங்கினால், நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். வலி இருக்காது, மறு கண் குறையை ஈடுகட்டிவிடும் என்பதால் பலர் கண்ணாடியின் பவர் மாறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு தாமதமாக வருகிறார்கள். கசிவை அடக்கும் ஊசி மருந்துகள் இருக்கின்றன. ஆனால் தழும்பு விழுந்த பகுதியில் அவற்றால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடி, கதவு விளிம்பு நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். புகைபிடிப்பவர்களுக்கு, வயதால் வரும் மேக்குலா சிதைவு எனப்படும் இந்த நோயின் ஆபத்து கூடுதல்.

கொலாஜன் பவுடர் குடித்தால் இது சரியாகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உண்ணும் கொலாஜன் செரிமானத்தில் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைந்துவிடுகிறது. அது இந்தச் சவ்வைச் செப்பனிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பணம்தான் வீண்.

இளையவர்களிடமும் இந்தச் சவ்வு கெடுவதுண்டு. ஏபிசிசி6 என்ற மரபணுவின் பிறழ்வால் வரும் சூடோசாந்தோமா எலாஸ்டிகம் நோயில் எலாஸ்டின் இழைகளில் கால்சியம் படிந்து சவ்வு நொறுங்கும் தன்மை அடைகிறது. பார்வை நரம்பின் முனையைச் சுற்றிக் கிளைபரப்பும் விரிசல்கள் தோன்றுகின்றன. கழுத்தின் பக்கவாட்டிலும் அக்குளிலும் மஞ்சள் நிறச் சிறு தடிப்புகளோடு தோல் தளர்ந்திருப்பதும் இதே நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதால், அத்தகையவர்களுக்குக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதிப்பது அவசியம். விரிசல் இருப்பது உறுதியானால், கண்ணில் படும் சிறு அடிகூட ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். குத்துச்சண்டை போன்றவற்றைத் தவிர்த்து, பந்து விளையாட்டுகளில் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.