கயத்தாற்றில் காயும், குற்றாலத்தில் காயாது

ஆடி மாதம் கயத்தாறு காற்றாலைகளுக்குக் கீழே பனைமரங்களை வரைய உட்கார்ந்தால், வானத்துக்குப் பூசிய நீலம் அடுத்த முறை பிரஷ்ஷை நனைப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதே நாளில் குற்றாலத்தில், நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள், அதே தாளும் அதே நீலமும் அரை மணி நேரமானாலும் ஈரம் விடாது. வெளியிடத்தில் வாட்டர் கலர் கெடுவதற்குப் பெரும்பாலும் கையைக் குறைசொல்லிப் பயனில்லை. தாள் காயும் வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் ஏறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே கசிந்து வரும் மிச்ச ஈரம்தான் குற்றாலத்துச் சாரல். அதைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கும் காற்று அழுத்தம் கூடுவதால் சூடாகிறது. 1000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. சூடான காற்றுக்கு ஈரத்தின் மேல் தாகம் அதிகம். பழைய நெல்லைச் சீமையின் கிழக்குப் பாதி முழுக்க ஆனி, ஆடியில் இந்தத் தாகத்தோடுதான் காற்று வீசுகிறது.

நனைந்த தாளுக்கு மேலே மெல்லிய ஈரக்காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் படிந்திருக்கும். காற்று அசையாவிட்டால் அந்தப் போர்வை நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். கயத்தாற்றில் அது நொடிக்கு நொடி உரிகிறது. குற்றாலத்தில் உரிந்தாலும் பயனில்லை, சுற்றிலும் உள்ள காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது.

காய்வதை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதலில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும். பிறகு பளபளப்பு மங்கும். நீர் நாருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். கடைசியில் தாள் வெளிறும். வெளிறியதும் காய்ந்துவிட்டதாக நம்பக் கூடாது. புறங்கையை லேசாக வையுங்கள், குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

ஆபத்து நடுக்கட்டத்தில். பாதி காய்ந்த வாஷ்மீது (நீர்த்த நிறப்பூச்சின் மீது) தண்ணீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால், அந்த நீர் உலர்ந்த பக்கம் நோக்கி நார் வழியே ஓடி, வழியிலிருக்கும் நிறத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் எல்லையில் குவிக்கும். காலிஃபிளவர் பூத்தாற்போல் ஒரு கறை. ஓரக்கோடு விழுவதற்குக் காரணம் வேறு. ஈரத்திட்டின் விளிம்பு முதலில் காயும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடும். கூடவே நிறமும் போகும். மேசையில் டீ கிளாஸ் விட்டுப்போகும் வளையமும் இப்படித்தான் உண்டாகிறது. 1997-இல் இயற்பியலாளர்கள் இதை விளக்கியபோது எடுத்துக்கொண்டது காப்பிக் கறை.

காற்று நாளில் 11-க்கு 15 அங்குலத் தாளைப் பாதியாக வெட்டிக்கொள்வது நல்லது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் எடுத்து, பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, நீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் அட்டைமேல் ஒட்டவிட்டால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். வானத்துக்கான கலவையை இரண்டு டீஸ்பூன் அளவு முன்கூட்டியே கரைத்து வையுங்கள். நடுவில் தீர்ந்தால் கோடு உறுதி. அட்டையை 15 டிகிரி சாய்த்து, கீழ்விளிம்பில் திரளும் நீர்மணியைக் காயவிடாமல் இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். மருந்துக்கடை கிளிசரின் 100 மில்லி தண்ணீருக்கு 5 சொட்டு விடலாம்; அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். கூடினால் படம் வீட்டுக்கு வந்த பிறகும் விரலில் ஒட்டும். ஈசல் என்றால் நம்மூரில் மழைக்குப் பின் பறப்பது. படம் மாட்டும் ஈசலும் ஆடிக்காற்றில் அதையேதான் செய்யும். அடியில் கல் பை தொங்கவிடுங்கள்.

குற்றாலத்தில் கிளிசரினைத் தொடவே வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, நிறத்தைக் கெட்டியாக எடுத்து, ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தாளுக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த தாளின் பசைப்பூச்சு இற்றுப்போய், நிறம் புள்ளி புள்ளியாக ஊறும். அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிழல் யாருக்கும் காத்திருக்காது. மார்ச் கடைசியில் காலை 8 மணிக்கு, 12 மீட்டர்ப் பனையின் நிழல் சுமார் 28 மீட்டர் நீளும். 10 மணிக்கு 9 மீட்டர்தான். அதனால் நெல்லையில் குறுக்குத்துறைக் கோயில் மண்டபமானாலும் சுலோசன முதலியார் பாலத்து வளைவுகளானாலும், முதல் 10 நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே நகர்ந்தாலும் திருத்தாதீர்கள். இரண்டு மணி நேரத்து நிழல்களை ஒரே படத்தில் கலந்தால் இரண்டு சூரியன் வந்துவிடும்.

தாள்மீது நேர்வெயில் விழக் கூடாது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நேர்வெயில் ஒரு லட்சம் அளவு. வீட்டு டியூப்லைட் சில நூறுதான். நேர்வெயிலில் எல்லா நிறமும் வெளிறித் தெரிய, மேலும் மேலும் கறுப்பாகப் பூசுவோம். வீட்டில் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி, உடல் நிழலைத் தாள்மேல் விழவிடுங்கள். குடை கறுப்பாக இருக்கட்டும். கலர்க்குடை தன் நிறத்தைத் தாளில் இறக்கும். சிவப்புச் சட்டையும் அப்படித்தான்.

1792-இல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். அந்தப் பொதிகை மலை தொலைவில் நீலமாகத் தெரிவதற்கு நடுவிலுள்ள காற்றுதான் காரணம்: காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. சாரல் மூடிய நாளில் இந்தக் கணக்கு செல்லாது. நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். மலை சாம்பலாகும். அன்றைக்கு அல்ட்ராமரீன் நீலத்தில் சிட்டிகை பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு கலந்தால் போதும். வெறும் நீலத்தை வைத்தால் சாரலே படத்திலிருந்து காணாமல் போய்விடும்.