முக்திநாத் போய் வந்து ஏழு வாரமாகியும் நிற்காத பேதி

கடந்த வாரம் வந்த 58 வயது அம்மா, முக்திநாத் யாத்திரை முடித்துத் திரும்பி ஏழு வாரமாகியும் பேதி நிற்கவில்லை என்றார். கைப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்த ஐந்து மாத்திரை அட்டைகளிலும் மூன்று நான்கு மாத்திரைகளே குறைந்திருந்தன. உடம்பிலோ ஆறு கிலோ குறைந்திருந்தது. இந்த மழைக்காலத்தில் நேபாளம் சென்று வந்து இதே கதையைச் சொன்னவர்களில் அவர் நான்காமவர்.

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர்" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அப்படி ஒரு நோய் கிடையாது. பயணத்தில் வரும் பேதி பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. சில நாட்களில் தானே அடங்கிவிடும். 14 நாட்களைத் தாண்டியும் வயிறு இரைந்து, பசி செத்து, எடை இறங்கிக்கொண்டே போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள். நேபாளத்து மழைக்காலம் என்றால் சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியும் சேரும். "ஊருக்கு வந்த பிறகுதானே தொடங்கியது, அங்கே சாப்பிட்டது எப்படிக் காரணமாகும்?" என்று வாதாடுகிறார்கள். சைக்ளோஸ்போரா அறிகுறி காட்டவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். ஜியார்டியாவுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம்.

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் மெட்ரோனிடசோல், சொன்ன நாட்கள் முழுவதும் விழுங்கினால் பெரும்பாலும் ஜியார்டியாவை ஒழிக்கும், சைக்ளோஸ்போராவை அசைக்காது. அதற்குரிய, சல்ஃபா கலந்த மருந்தான கோட்ரைமாக்சசோலைச் சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. மலப் பரிசோதனை 'நார்மல்' என்ற சீட்டையும் நம்பி இருந்துவிடாதீர்கள்: தனிச் சாயமேற்றுவது போன்ற சிறப்புச் சோதனையில்தான் சைக்ளோஸ்போரா பிடிபடும், வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகளும் வேண்டும். பரிசோதனைச் சீட்டில் 'நேபாளப் பயணம்' என்று எழுதாமல் அனுப்பும் எங்கள் மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு.

அடுத்த முறை போகிறவர்கள் கொதிக்க வைத்த நீரையே குடியுங்கள். குளோரின் மாத்திரை சைக்ளோஸ்போராவைக் கொல்லாது. சுடச்சுட வரும் தால்பாத்தைப் (நேபாளத்துப் பருப்புச் சோறு) பற்றிப் பயமில்லை. அதன்மேல் தூவிய பச்சைக் கொத்தமல்லியும், ஓரத்தில் வைத்த பச்சை முள்ளங்கியும்தான் தவிர்க்க வேண்டியவை. நம் ஊர்ச் சமையல்காரரே உடன் வந்தாலும், அங்கே வாங்கிய மல்லித்தழை தூவிய வெங்காயப் பச்சடிக்கும் இதுவே விதி.

ஒட்டுண்ணி ஒழிந்த பின்னும் சிலருக்குப் பால் சில வாரங்கள் செரிக்காது. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிகிச்சை முடிந்தும் எடை இறங்கிக்கொண்டே இருந்தாலோ, அதுவும் 50 வயதைக் கடந்தவரென்றால், தயவுசெய்து யாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொலோனோஸ்கோபியை (குழாய்க் கருவி விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தள்ளிப்போடாதீர்கள்.