விசிட்டர் 'பார்வையாளர்' ஆவாரா?

மன்னார்குடியில் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகளுக்கு ஜாவா நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் எங்கிருந்தோ எடுத்துவந்த தமிழ்ப் பாடக் குறிப்பைக் காட்டினான். 'பார்வையாளர் தோரணி' என்று தலைப்பு. "சார், பார்வையாளர்னா உக்காந்து பாக்குறவர்தானே? இவரு ஏன் கிளாஸ் கிளாஸா ஏறி இறங்குறாரு?" என்றான். விசிட்டர் பேட்டர்ன் என்பது, நிரலில் ஏற்கெனவே இருக்கும் வகுப்புகளை (கிளாஸ்) திருத்தாமல், வெளியிலிருந்து ஒருவர் வந்து அவற்றில் புது வேலை பார்க்கிற மாதிரி எழுதும் முறை. அதற்கு இந்தப் பெயரை நான் பார்ப்பது இது நான்காவது தடவை.

சொல்லின் பூர்வீகம் சுருக்கமானது. லத்தீனில் 'விடேரே' என்றால் காண்பது. அதன் கிளைதான் 'விசிதாரே', அடிக்கடி போய்ப் பார்ப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் நால்வரும் 1994இல் தொகுத்த 23 மென்பொருள் வடிவமைப்புப் பாங்குகளில் (டிசைன் பேட்டர்ன்) கடைசியாக நிற்பது இது.

"பார்த்தீர்களா, வேரிலேயே பார்வை இருக்கிறது" என்பார்கள் பார்வையாளர் கட்சிக்காரர்கள். இருக்கட்டும். வேரையா பேசுகிறோம்? கலெக்டர் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடுகிறார். கபடி மைதானத்தில் பார்வையாளர் கைதட்டுகிறார். முதலாமவர் நடக்கிறார், குறித்துக்கொள்கிறார், கேள்வி கேட்கிறார். இரண்டாமவர் கடலை கொறிக்கிறார். 'இடு' போய் 'ஆளர்' வந்ததும் பொருள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் 'பார்வையாளர் நேரம்' என்று போர்டு வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே வருபவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்தான், ஊசி போடுகிறவர் அல்ல.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. அதே 23இல் அப்சர்வர் என்று இன்னொரு பாங்கும் இருக்கிறது. ஒன்றில் மாற்றம் நேர்ந்தால் காத்திருக்கும் மற்றவற்றுக்குச் சேதி போகிற ஏற்பாடு அது. அப்சர்வருக்கு அரசே ஊரறிய வைத்த பெயர் என்ன? தேர்தல் பார்வையாளர்! இவர்கள் அதை எடுத்து விசிட்டருக்குக் கொடுத்துவிட்டால் அப்சர்வர் எங்கே போவார்? அந்தக் குறிப்பிலேயே ஏழு பக்கம் தள்ளி அப்சர்வரும் 'பார்வையாளர்' என்றே வருகிறார். எழுதியவர் அகராதியின் முதல் வரியைத் தாண்டவில்லை, நிரலைத் திறந்தே பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, இந்த விசிட்டர் என்னதான் செய்கிறார்? எங்கள் பக்கத்து வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். வயல் வயலாகப் போய், சர்வே எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கலில் எழுதுகிறார். வெள்ளம் வடிந்ததும் வேளாண்மைத் துறையினர் அதே வயல்களுக்குச் சேதக் கணக்கெடுக்க வருகிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்காக அறுவடைச் சோதனை என்று இன்னொரு கூட்டம். வயல் அதே வயல்தான். ஒவ்வொரு புது வேலைக்கும் வயலைத் திருத்தி அமைப்பதில்லை, வேறொருவர் வருகிறார், அவ்வளவுதான். வயல் செய்ய வேண்டியது 'வாங்க, நான் நஞ்சை' என்றோ 'நான் புஞ்சை' என்றோ சொல்வது மட்டும். நிரலில் அந்த 'வாங்க'வுக்குப் பெயர்தான் 'அக்செப்ட்'. நஞ்சைக்கு என்ன, புஞ்சைக்கு என்ன என்பது வந்தவர் கையிலிருக்கும் நோட்டில் இருக்கிறது. மூல நிரலில் வயலுக்குப் பதில் பொதி (பேக்கேஜ்), வகுப்பு, செயற்கூறு (மெத்தட்), மாறி (வேரியபிள்).

'விருந்தினர்' என்றும் ஒரு கட்சி உண்டு. விருந்து என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள் புதுமை. பழைய வகுப்பைத் தொடாமல் புது வேலையைக் கொண்டுவருகிறவருக்கு அது அழகாகவே பொருந்தும். ஆனால் இன்று விருந்தினர் என்றால் இலை போட வேண்டும். வேலை வாங்க முடியாது.

'உலாவர்' என்பவர்கள் வேறு இரண்டைக் குழப்புகிறார்கள். உலாவி என்று பிரவுசர் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடுவோம். கல்லணையில் பிரிந்த வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிந்து, கடைசியில் சி, டி வாய்க்கால் வரை கிளைக்கிறதே, அப்படிக் கிளை கிளையாக இறங்குவது ஒரு வேலை. போன இடத்தில் செய்வது இன்னொரு வேலை. ஜாவாவில் இந்த உருப்படிகளைப் பார்வையிடவென்று இருக்கும் எலிமென்ட்விசிட்டர் தானாகக் கீழே இறங்காது. இறங்குவதற்கென்றே எலிமென்ட்ஸ்கேனர் வகுப்புகள் தனியாக இருக்கின்றன. விசிட்டரை உலாவர் ஆக்கினால் ஸ்கேனருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

என் கட்சி 'வருநர்'. பள்ளிக்கூடக் கடிதத்தில் எழுதிய அனுப்புநர், பெறுநர் வரிசை. ('வருனர்' என்று எழுதாதீர்கள். 'இயக்குனர்' பார்த்துப் பார்த்து ஏற்கெனவே கண் வலிக்கிறது.) சங்கப் பாட்டுக்கும் பழகிய சொல். வினைக்குப் 'பார்வையிடு' போதும். பெயரும் வினையும் ஒரே வேரில் முளைக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் வசதி, நமக்கு விதி அல்ல. 'வருகையாளர்' என்றால் எனக்கு வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது.

வருநருக்குப் புரியாத வீடும் உண்டு. 2017இல் ஜாவா 9 மாட்யூல் (பொதிகளின் தொகுப்பு) என்ற புது உருப்படியைக் கொண்டுவந்தது. ஜாவா 6 காலத்து வருநர் அதைப் பார்த்ததும் 'விசிட்அன்நோன்' என்ற வழிக்குப் போய், அங்கே யாரும் எதுவும் எழுதிவைக்காவிட்டால் பிழையை எறியும். அடங்கலில் நஞ்சை என்றிருக்கும் இடத்தில் இறால் குட்டையைக் கண்ட வி.ஏ.ஓ. மாதிரி. புது வேலை சேர்ப்பது இந்தப் பாங்கில் சுலபம், புது வகை உருப்படி சேர்ப்பதுதான் தலைவலி.

பையனிடம் இவ்வளவும் சொன்னேன். "வருநர் நல்லாருக்கு சார். ஆனா கோடுல விசிட்டர்னுதான் அடிப்பேன்" என்றான். அடிக்கட்டும், பார்வையாளர் என்று அடிக்காமல் இருந்தால் சரி.