இன்ஜின் இழுக்கும் காற்றை ஈசியு எனும் கட்டுப்பாட்டுக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

125 சிசி பைக் இன்ஜினின் ஒற்றை சிலிண்டர் முழுமையாக நிரம்பினால், அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 150 மில்லிகிராம். பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பதால், அந்தக் காற்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் பெட்ரோல் போதும். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுழலும்போது இந்த அளவை, இரு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில், விநாடிக்கு 50 முறை தவறாமல் தெளித்தாக வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், இந்தியாவின் பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்புரேட்டரின் இடத்தை பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அதை இயக்கும் ஈசியுவும் பிடித்துக்கொண்டன. பெட்ரோலின் அழுத்தம் மாறாமல் வைக்கப்படுவதால், இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்கிறது என்பதே தெளிக்கப்படும் அளவைத் தீர்மானிக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: மின்சாரம் பாய்ந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடுவதில்லை, சுமார் 1 மில்லி விநாடி தாமதமாகிறது, பேட்டரி பலவீனமானால் அத்தாமதம் இன்னும் நீள்கிறது. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் மொத்தத் திறப்பு நேரமே 2 அல்லது 3 மில்லி விநாடிதான் என்பதால், வோல்டேஜுக்கேற்ற திருத்தம் இல்லாவிட்டால் இன்ஜின் தடுமாறும்.

பெட்ரோலை அளப்பதைவிடக் காற்றை அளப்பதே கடினம். பல வண்டிகளில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இன்ஜின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு ஈசியு அதை ஊகிக்கிறது. ஆனால் வால்வுகள் திறந்து மூடும் நேரமும் குழாய்க்குள் எழும் அழுத்த அலைகளும் சேர்ந்து, சிலிண்டர் நிரம்பும் விகிதத்தை ஒவ்வொரு வேகத்திலும் மாற்றிவிடுகின்றன. அந்த விகிதங்களைச் சோதித்துக் கட்டம் கட்டமாக எழுதிவைத்த அட்டவணையே 'மேப்'. எரிபொருள் டியூனிங்கின் பெரும்பகுதி அதைத் திருத்துவதுதான்.

ஊகம் சரிதானா என்பதைப் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும், ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும் அது காட்டும். ஈசியு அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தமே 'ஃபியூயல் ட்ரிம்'. எத்தனால் 9 மடங்கு காற்றிலேயே எரிந்துவிடுவதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கான விகிதம் சுமார் 13.5 ஆகக் குறைகிறது. அதாவது, தூய பெட்ரோலுக்கு டியூன் செய்த இன்ஜினுக்கு 8 முதல் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். சீரான வேகத்தில் செல்லும்போது ட்ரிம் அதை ஈடுகட்டிவிடும். திராட்டிலை முழுதாகத் திருகும்போது ஈசியு பொதுவாக சென்சாரின் சொல்லை ஒதுக்கிவிட்டு மேப்பையே நம்புகிறது. அந்நிலைக்கான மேப்பைத் திருத்த இந்தச் சென்சார் போதாது, ஏனெனில் ரிச்சா லீனா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று அதனால் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்கு, கலவையின் விகிதத்தையே அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் எண்களை மாற்றுவதில்தான் அவசரம் காட்டுகிறார்கள். சைலன்சர் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலே, புகையின் இரு துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். சென்சார் அதை லீன் என்று அறிவிக்க, ஈசியு தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். ஆகவே ட்ரிம் 15 சதவீதம் கூடுதல் என்று காட்டினால், மேப்பைத் தொடுவதற்கு முன் அந்த இணைப்பின் கேஸ்கெட்டைச் சோதித்துவிட வேண்டும்.