2731-ஆ, 2732-ஆ?

கணினி அறிவியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "லினக்ஸ் கெர்னலில் ஒரே எண்ணைப் பல டிரைவர்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்களே, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் என்ன?"

போடலாம், போட்டும் வருகிறார்கள். (கெர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு; டிரைவர் என்பது ஒரு கருவியை இயக்க எழுதும் நிரல்.) வைஃபை டிரைவர் எழுதுகிறவரும் சென்சார் டிரைவர் எழுதுகிறவரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் என்று அவரவர் கோப்பின் தலையில் ஒரு '#டிஃபைன்' வரி (ஓர் எண்ணுக்குப் பெயர் வைக்கும் வரி) எழுதிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்படிச் சிதறிக் கிடந்ததை 2021-இல் 'யூனிட்ஸ்' என்ற பொது ஹெடர் கோப்புக்கு, அதாவது பல நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் ஒரு கோப்புக்கு, கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். எண்ணின் வகையைச் சொல்ல, பத்து லட்சத்துக்குப் பின்னால் 'எல்' போடுவதா, 'யூஎல்' போடுவதா? யூஎல் என்றால் அது குறியற்ற எண், கழித்தல் மதிப்பே அதற்குக் கிடையாது. சி மொழியில் அதோடு −1-ஐ ஒப்பிட்டால், −1 பிரம்மாண்டமான எண்ணாக மாறிவிடும். கடைசியில் யூஎல் என்றே வைத்தார்கள்.

சரி, மதிப்பு ஒன்றாக இருக்கும்போதே இந்தப் பாடு. மதிப்பே வேறாக இருந்தால்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பூஜ்யம் டிகிரி செல்சியஸ் என்பது 273.15 கெல்வின்; பள்ளியிலேயே படித்ததுதான். லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (தயாரிப்பாளர் இயந்திரத்துக்குள்ளேயே வைத்து அனுப்பும் நிரல்), கெர்னலோடு பேசுவதற்கான ஏசிபிஐ என்ற முறைப்படி, வெப்பநிலையைக் கெல்வினில் பத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. 300 கெல்வின் என்றால் 3000. அதாவது புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கத்துக்குத்தான் இடம். 273.15 அதில் அடங்காது. அதனால் ஃபர்ம்வேர் எழுதியவர்களில் சிலர் 273.1 என்று வைத்துக்கொண்டார்கள், சிலர் 273.2 என்று; பத்தில் ஒரு பங்கில் எழுதினால் 2731, 2732. எது என்று யாரும் கெர்னலிடம் சொல்வதில்லை.

100 டிகிரியைத் தொட்டால் லேப்டாப் அணைந்துவிட வேண்டும் என்று ஃபர்ம்வேர் எழுதும் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் 2731 கட்சி. ஆகவே ஃபர்ம்வேர் 3731 என்று சொல்லும். கெர்னல் 2732-ஐக் கழித்தால் திரையில் 99.9 என்று வரும். பெரிய ஆபத்தில்லை, ஆனால் பார்க்கச் சகிக்காது.

கெர்னலின் ஏசிபிஐ வெப்ப டிரைவர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அணையும் வரம்பை யாரும் 98.3 என்று வைக்க மாட்டார்கள். 95, 100, மிஞ்சிப்போனால் 99.5. பத்தில் ஒரு பங்காக எழுதினால் இவை 950, 1000, 995. எல்லாமே ஐந்தின் மடங்கு! 2731-ஐ ஐந்தால் வகுத்தால் மீதி 1; 2732-க்கு மீதி 2. எனவே வரம்பு எண்ணை ஐந்தால் வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். 3731-க்கு மீதி 1, ஆக இவர் 2731 ஆள். மீதி 1 வராவிட்டால் 2732 என்று எடுத்துக்கொள்கிறது. ஃபர்ம்வேரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதன் ரகசியம் வெளியே வந்துவிடுகிறது. எண் துல்லியமாக இருக்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மெகாஹெர்ட்ஸுக்கு ஓராண்டு முன்பே, 2020-இல், கெல்வின்–செல்சியஸ் மாற்றங்களை எல்லாம் அதே யூனிட்ஸ் கோப்பில் சேர்த்தார்கள். தனிப்பூஜ்யம், அதாவது பூஜ்யம் கெல்வின், −273150 மில்லி டிகிரி செல்சியஸ் என்று ஒரே வரியில் வந்தது. சுத்தம் செய்கிற ஆர்வத்தில் எல்லா இடத்திலும் இதையே போட்டிருந்தால்? 3731 என்பது 99.95 ஆகும், 3732 என்பது 100.05 ஆகும். ஐந்தின் கணக்கில் இருவருக்குமே சரியாக 100 வந்தது, இப்படிச் செய்தால் இருவருக்கும் வராது. அதனால் கழிக்கும் எண்ணை அழைப்பவரே கொடுக்கலாம் என்று தனியாக ஒரு ஃபங்ஷனையும் அந்தக் கோப்பில் வைத்தார்கள்.

எல்லாவற்றையும் பொது இடத்துக்குக் கொண்டுவருவதும் இல்லை. பிசிஐ என்ற இணைப்பில் கணினியோடு சேரும் சாதனங்களின் அடையாள எண்களுக்கு ஒரு பொதுக் கோப்பு உண்டு (இன்டெலின் எண் பதினாறடிமானத்தில் 8086, தங்கள் பழைய சிப்பின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்). ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் பகிர்ந்துகொண்டால் ஒழிய அதில் புதிய எண்ணைச் சேர்க்காதே என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும்.

இந்த மாதிரி வேலையைச் 'சில்லறைத் திருத்தம்' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. புது வசதி செய்தால் நிதி கிடைக்கும், மேடை கிடைக்கும். பத்து கோப்புகளைத் திறந்து ஒவ்வொரு 273-உம் எதற்காக அங்கே இருக்கிறது என்று படிப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

வாசகருக்கு ஒரு யோசனை. நீங்களே இப்படி ஒரு மாறிலியைப் பொதுக் கோப்புக்கு நகர்த்தினால், நகர்த்தும் முன்னும் பின்னும் அந்த டிரைவரைக் கம்பைல் செய்து, அதில் கிடைக்கும் இயந்திரக் கட்டளைகள் கொண்ட இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் எண்ணை ஒட்டும் வேலை கம்பைலருக்கு முன்பே முடிந்துவிடுவதால், மதிப்பும் வகையும் மாறாத வரை உருவாகும் இயந்திரக் கட்டளைகள் அப்படியே இருக்க வேண்டும். அந்தக் கட்டளைகளில் எங்காவது ஒரு பைட் மாறியிருந்தால், அப்புறம் அந்த இடத்தில் 2731 கட்சிக்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள்.