"தெரியாமலே போயிடுது டாக்டர்"

"வயிறு சரியில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் மெதுவாக விஷயம் வரும்: மலக் கசிவு. "அடக்க முடியலை. தெரியாமலே போயிடுது. துணியில பட்டுடுது."

55 வயது அம்மா ஒருவர் இதை வாய்விட்டுச் சொல்வதற்குள் 4 வருடம் ஓடிவிட்டது. கைப்பையில் எப்போதும் ஒரு மாற்று உள்பாவாடை. பஸ் பயணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி. கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அவருடைய தலைப்பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்தது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்தசை தானாகவே மூடியிருக்கும். வெளித்தசையை நாமே இறுக்கலாம். பிரசவத்தில் கிழிந்த தசையை இளவயதில் உடம்பு எப்படியோ சமாளித்துவிடும். மாதவிலக்கு நின்று தசைகள் தளரும்போதுதான் கசிவு தலைகாட்டும். நெடுநாள் சர்க்கரை நோய், பக்கவாதம், மூலத்துக்கோ பௌத்திரத்துக்கோ (ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடியும் புண்) செய்த அறுவை சிகிச்சை ஆகியவையும் காரணமாகலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குப் பேதியை உண்டாக்கும்; அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயதானவர்களிடம் நான் பார்ப்பது வேறு கதை. ஒரு பெரியவரை மகள் கூட்டி வந்தார். நாளுக்கு 7, 8 தடவை தண்ணியாகப் போகிறது, பேதியை நிறுத்தும் மாத்திரைக்கும் கேட்கவில்லை, அதனால் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன் என்றார். விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே கல்லாக இறுகிய மலம். அதைச் சுற்றிக்கொண்டு வழிந்ததுதான் அந்தத் தண்ணி. மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. இனிமா கொடுத்து, தொடர்ந்து மலமிளக்கியும் கொடுத்த பிறகு டயப்பரே தேவைப்படவில்லை. "அப்பாவைப் பசியோட போட்டுட்டேனே" என்று மகள் அழுதுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் மாத்திரை எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிகிச்சையில் பாதி வீட்டிலேயே நடக்கும். சாப்பிட்டதும் குடல் வேலையைத் தொடங்கும் என்பதால், காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் கழிப்பறையில் போய் உட்காருங்கள். இளகிப் போகிறவர்களுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி மலத்தைத் திரட்டித் தரும். காபியைக் குறையுங்கள். அப்புறம் பயிற்சி: காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, 5 எண்ணி, முழுதாகத் தளர்த்த வேண்டும். 10 தடவை, நாளுக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. பலன் தெரிய 3 மாதம்கூட ஆகலாம். நிறையப் பேர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா விடவில்லை. மாற்றுப் பாவாடை இன்னும் பையில்தான் இருக்கிறது, ஆனால் போன தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றார்.

இதற்கும் தேறாதவர்களுக்குக் கிழிந்த தசையைத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இடுப்பு நரம்பைத் தூண்டும் கருவியும் பொருத்தலாம்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். முதுகுவலியோடு திடீரென்று அடக்க முடியாமல் போய், உட்காரும் இடமும் மரத்துப்போனால் முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.